பட்டை யார் காலில்?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. நேற்று மாலை நடந்த ஒன்று இனிமேல் தள்ளிப்போட விடவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்காவது சூடு அதிகமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.பி. முடிகிற நேரம். கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒரு தம்பி உள்ளே வந்தார். வயது இருபத்தாறு. பீட் மாவட்டத்திலிருந்து புனேக்குப் பிழைக்க வந்து, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். ஏழு வாரத்துக்கு முன்னால் மழையில் வண்டி சறுக்கி, முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பின் மேல்முனை உடைந்திருக்கிறது. மொத்த உடம்பும் உட்கார்கிற மேடை அது. வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகான வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேண்ட்டைச் சுருட்டச் சொல்லி இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தேன். முட்டிச் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே, நல்ல காலைவிட இந்தக் கால் நாலரை சென்டிமீட்டர் குறைச்சல். ஒரே ஆளுக்கு இரண்டு ஆளின் கால்கள்.

(அவர் பேசினது ஹிந்தியில். நான் நம்ம தமிழில் தருகிறேன்.)

"இத்தனை நாள் பிசியோதெரபில என்ன செய்தாங்க?"

"கரண்ட் வெச்சாங்க சார். அப்புறம் சூடு ஒத்தடம். இருபது சிட்டிங் போனேன். ஒரு சிட்டிங் முந்நூறு."

"பயிற்சி?"

"கால் விரலை ஆட்டச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கறுப்பு எலாஸ்டிக் பட்டை, முனையில் பிளாஸ்டிக் கொக்கி. ஆன்லைனில் வாங்கினதாம்.

"யூட்யூப்ல பார்த்தேன் சார். ஃபுட்பால் ஆடறவங்க ஆபரேஷனுக்கப்புறம் தொடைல இதைக் கட்டிக்கிட்டுப் பயிற்சி செய்யறாங்க. எடை தூக்காமலே சதை வருதாம். நானும் கட்டலாமா?"

"கட்டாதீங்க" என்று வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன். வைத்தேனே தவிர, ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஏழு வாரம், ஒரு சர்ஜன், ஒரு பிசியோ, ஆறாயிரம் ரூபாய். இத்தனைக்கு நடுவில் யாரும் கேட்காத கேள்வியை, பத்துக்குப் பத்து அறையில் படுத்தபடி மொபைலை நோண்டி அவரே கண்டுபிடித்து வந்திருக்கிறார். "எலும்பு சேர்ற வரைக்கும் என் சதைக்கு என்ன வழி?" இதுதான் கேள்வி. பதில் சொல்ல வேண்டிய நாங்கள் எல்லோரும் எங்கே போனோம்?

*

நம் பதிவர்கள் ஆபீஸில் ஆணி பிடுங்குவதாகச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் ஏரியாவில் நிஜமாகவே ஆணி அடிப்பார்கள். எலும்புக்குள் ஆணி, வெளியே பிளேட், குறுக்கே ஸ்க்ரூ. இந்த வேலையில் நம் நாட்டு சர்ஜன்கள் கெட்டிக்காரர்கள். கையும் பழகியிருக்கிறது. பழகாமல் என்ன செய்யும்? 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் காயம்பட்டவர்கள் என்று மத்திய அரசின் கணக்கு சொல்வது 4,43,366 பேர். இறந்தவர்கள் 1,68,491. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நாலுக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பிழைத்து வருகிறவர்களில் எத்தனை கால்கள் உடைந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எலும்பு உடைந்தால் எல்லோரும் எலும்பைப் பார்க்கிறார்கள். வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைக்கிறார்கள் (இங்கே அதற்குப் பேர் பாயா). ஊரிலிருந்து போன் செய்கிற மாமா புத்தூர்க் கட்டு போட்டிருக்கலாமே என்கிறார். டாக்டர் மாசா மாசம் எக்ஸ்ரே எடுத்து "கூடிக்கிட்டு வருது" என்கிறார். எலும்பு கூடிவிட்டால் வைத்தியம் முடிந்தது. சதையைப் பற்றி எவருக்கும் கவலையில்லை. எக்ஸ்ரேயில் அது தெரியாதே!

2014-ல் நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. ஆரோக்கியமான இளைஞர்கள் 24 பேரைப் பிடித்து ஒரு காலில் மாவுக்கட்டு போட்டார்கள். ஐந்து நாளில் முன்தொடைத் தசையின் பரப்பு 3.5 சதவீதம் குறைந்தது, பலம் 9 சதவீதம் போனது. பதினாலு நாள் கட்டு போட்டவர்களுக்கு 8.4 சதவீதச் சதையும் 23 சதவீத பலமும் காலி. கவனியுங்கள், இவர்களுக்கு எலும்பு உடையவில்லை. ஆபரேஷன் இல்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை. சும்மா கட்டு போட்டு உட்கார வைத்ததற்கே இந்த கதி. உடைந்து, கிழித்து, தைத்து, ஏழு வாரம் கிடந்த தொடை என்ன ஆகும்?

சதை போனால் என்ன, திரும்ப வந்துவிடாதா என்று கேட்கலாம். வரும், மெதுவாக. நம் டெலிவரி தம்பிக்கு மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும், பைக் சாயும்போது காலை ஊன்றித் தாங்க வேண்டும். டாக்டர் "எலும்பு சேர்ந்துடுச்சு, வேலைக்குப் போங்க" என்று சொல்கிற நாளில் அந்தக் கால் வேலைக்குத் தயாராக இருக்காது. மாதச் சம்பளக்காரர் மெடிக்கல் லீவில் சமாளிப்பார். ஓடினால்தான் காசு என்கிறவர் என்ன செய்வார்? நொண்டிக்கொண்டே வண்டியை எடுப்பார்.

இங்கேதான் சிக்கல். சதை வளர வேண்டுமானால் கனமாகத் தூக்க வேண்டும். ஒருவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற எடையில் சுமார் எழுபது சதவீதமாவது வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிற கணக்கு. எலும்போ கனம் தாங்காது. தம்பிக்கு உடைந்தது மூட்டு மேடை என்பதால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பாரம் ஏற்றக்கூடாது என்பது நியாயமான எச்சரிக்கைதான். ஆக, எலும்பைக் காப்பாற்றினால் சதை போகும், சதையைக் காப்பாற்றினால் எலும்பு நழுவும்.

இந்த இடுக்கில் நுழைகிற ஒரு வழிதான் தம்பி யூட்யூபில் பார்த்தது. ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்கிற பயிற்சி. சுருக்கமாக பி.எஃப்.ஆர்.

*

விஷயம் எளிது. தொடையின் மேல்முனையில் பி.பி. பார்க்கிற கஃப் மாதிரி அகலமான ஒன்றைக் கட்டிக் காற்றடிக்கிறோம். உள்ளே வருகிற ரத்தம் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. வெளியே போகிற ரத்தம் தேங்குகிறது. வயலுக்கு வருகிற மடையைப் பாதி இறக்கிவிட்டு, வடிகாலில் மண்ணைப் போட்ட மாதிரி. இந்த நிலையில் சின்ன எடையோ, எடையே இல்லாமலோ காலைத் தூக்கி இறக்கினால், ஆக்சிஜன் பற்றாமல் முதலில் வேலை செய்கிற நிதானமான தசைநார்கள் சீக்கிரம் களைத்துவிடும். கனம் தூக்கும்போது மட்டும் எழுந்து வருகிற பெரிய நார்கள் வேறு வழியில்லாமல் வேலைக்கு வரும். தசை ஏதோ பெரிய மூட்டையைத் தூக்குவதாக ஏமாறும். எலும்புக்கு அந்த மூட்டையின் கனம் தெரியாது.

வழக்கமான கணக்கு இதுதான். அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதம். முதலில் 30 தடவை, பிறகு மூன்று முறை 15, 15, 15. நடுவில் அரை நிமிட ஓய்வு. மொத்தம் 75. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அவிழ்த்துவிட வேண்டியதுதான்.

இதன் ஆரம்பக் கதை சுவையானது. ஜப்பானில் யோஷியாகி சாட்டோ என்பவர் 1966-ல் ஒரு பௌத்தச் சடங்கில் நீண்ட நேரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்து எழுந்தபோது, மரத்துப்போன கெண்டைக்கால் கடும் பயிற்சி செய்தது போல விம்மியிருந்ததாம். அதிலிருந்து பட்டை கட்டித் தன் உடம்பிலேயே சோதித்தார். 1973-ல் பனிச்சறுக்கில் விழுந்து கணுக்கால் உடைந்து முழங்காலிலும் அடிபட்டபோது, மாவுக்கட்டுக்கு மேலே தொடையில் பட்டையை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்து சதையைக் காப்பாற்றிக்கொண்டதாகச் சொன்னார். "காட்சு" என்று பேரும் வைத்தார். ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொல்கிற கதை ஆதாரம் ஆகாது. ஆனாலும் கவனியுங்கள், இந்த முறை உடைந்த காலில்தான் வளர்ந்தது. ஜிம்மில் அல்ல. பிற்பாடு அமெரிக்காவில் இது பிரபலமானதும் டெக்சாஸில் சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனையில். ஜானி ஓவன்ஸ் என்ற பிசியோதெரபிஸ்ட், போரில் கால் சிதைந்து வந்த சிப்பாய்களுக்குச் செய்துபார்த்தார்.

ஆதாரம்? பல இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் ஆடுகிறது. 2000-ல் ஜப்பானில் முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பயிற்சியே இல்லாமல் கஃப் மட்டும் இறுக்கித் தளர்த்தினார்கள். முன்தொடைத் தசை கட்டாதவர்களுக்கு 20.7 சதவீதம் குறைந்தது, கட்டியவர்களுக்கு 9.4 தான். 2016-ல் நார்வேக்காரர்கள் அதே ஆபரேஷனுக்குப் பிறகு கஃப் கட்டிப் பார்த்தபோது வித்தியாசமே தெரியவில்லை. 2017-ல் இருபது ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. சின்ன எடையைச் சும்மா தூக்குவதைவிடக் கஃப் கட்டித் தூக்குவது பலம் கூட்டுகிறது, ஆனால் கனமான எடை தூக்குவதற்கு அது ஈடாகாது என்பது அதன் முடிவு. பெரும்பாலும் வயதாகிச் சதை கரையும் அபாயத்தில் இருப்பவர்கள், ஜவ்வு ஆபரேஷன், மூட்டுத் தேய்மான நோயாளிகள் கொஞ்சம்தான். எலும்பு முறிவில் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். எலும்பு இதனால் சீக்கிரம் கூடும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது.

அந்த 2017 முடிவை இன்னொரு தடவை படியுங்கள். கனம் தூக்க முடிந்தவனுக்குக் கனமே மேல். கனம் தூக்க முடியாதவனுக்குத்தான் இந்தக் கட்டு. ஆனால் என்ன நடக்கிறது? புனேயில் பெரிய ஜிம்களில் நூறு கிலோவை அநாயாசமாகத் தூக்குகிற கட்டிளங்காளைகள் கையிலும் தொடையிலும் பட்டை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். கட்டையில் வருகிற தம்பிக்கு விரல் ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள். பட்டை தப்பான காலில் இருக்கிறது. என் சண்டை இதற்குத்தான். மூன்று பேரோடு சண்டை.

*

முதல் சண்டை எலும்பு டாக்டர்களோடு.

"ரத்தத்தை நிறுத்தி வைத்தியமா? காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" இந்த வசனத்தை மராத்தியில், ஹிந்தியில், இங்கிலீஷில் எல்லாம் கேட்டாயிற்று. சார், தம்பியின் ஆபரேஷன் குறிப்பு என் மேஜையில் இருக்கிறது. டூர்னிகே, 280 மில்லிமீட்டர், 90 நிமிடம். அதே தொடை, அதே இடம். ஒன்றரை மணி நேரம் சொட்டு ரத்தம் போகாமல் நீங்கள்தானே நிறுத்தினீர்கள்? நான் கேட்பது அதில் பாதிக்கும் குறைவான அழுத்தம், ஆறு நிமிடம், ரத்தம் ஓடிக்கொண்டேயிருக்க.

ஆபரேஷன் வேறு, இது வேறு என்பது எனக்கும் தெரியும். முறிவுக்குப் பிறகு காலின் உள்நரம்புகளில் ரத்தம் உறைகிற ஆபத்து நிஜம். அந்தப் பயம் நியாயமானது. நியாயமான பயம் இருந்தால் என்ன செய்ய வேண்டும்? கெண்டைக்காலைப் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும், யாருக்குச் செய்யலாம் யாருக்கு கூடாது என்று பட்டியல் போட வேண்டும். முன்பு ரத்தம் உறைந்தவர், கர்ப்பிணி, அடங்காத பி.பி. உள்ளவர், காலில் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர், புண் ஆறாதவர் இவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள், தலைமேல் வைத்துக்கொள்கிறேன். பயத்தைச் சாக்காக வைத்து ஒன்றுமே செய்யாமல் விடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. நாலரை சென்டிமீட்டர்.

இன்னொன்று. ஊன்ற வேண்டாம் என்பதை எல்லாக் காலுக்கும் ஒரே சீட்டாக எழுதுவதை நிறுத்துங்கள். தம்பிக்கு மூட்டு மேடை, சரி. எலும்பின் நடுத்தண்டு உடைந்து உள்ளே ஆணி போட்ட பலருக்கு, வலி தாங்குகிற அளவு ஊன்றலாம் என்பதுதான் இன்றைய வழக்கம். அவர்களையும் சேர்த்து மூன்று மாதம் படுக்கப் போடுகிறீர்கள். அவர்களுக்குக் கஃப் எதற்கு? தரை போதும்.

*

இரண்டாவது சண்டை என் சொந்த ஜாதியோடு. அதாவது பிசியோதெரபிஸ்ட்களோடு. (ஜாதி என்றதும் யாரும் கிளம்பி வராதீர்கள்!)

இருபது சிட்டிங் கரண்ட் வைத்தார்களே, அது என்ன கரண்ட்? தசையைச் சுருங்க வைக்கிற கரண்ட் ஒன்று உண்டு. முன்தொடைக்கு வைத்தால் பலன் தரும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. தம்பிக்கு வைத்தது அதுவல்ல, வலி மரக்கிற கரண்ட். நாலு ரப்பர் பேடை ஒட்டி, பதினைந்து நிமிடம் குறுகுறுவென்று விட்டு, மேலே சூடான மூட்டையை வைத்து அனுப்புவது. சதை ஒரு நூல் வளராது.

ஏன் அதையே செய்கிறோம் என்று நமக்குத் தெரியாதா? மெஷினை மாட்டிவிட்டால் அடுத்த ஆளிடம் போகலாம். ஒரே நேரத்தில் ஐந்து பேரை ஓட்டலாம். பயிற்சி என்றால் பக்கத்தில் நிற்க வேண்டும், எண்ண வேண்டும், வியர்க்கிற முகத்தைப் பார்க்க வேண்டும். நோயாளிக்கும் மெஷினில்தான் நம்பிக்கை. காலைத் தூக்கச் சொன்னால் "இதுக்கா முந்நூறு ரூபாய்?" என்பார். லைட் எரிகிற பெட்டியை ஒட்டினால் மறுபேச்சு பேச மாட்டார். இது தெரிந்தே நாம் பெட்டியை விற்கிறோம். நாலரை வருடம் படித்தது இதற்கா?

*

மூன்றாவது சண்டை பட்டை விற்கிறவர்களோடு. ஜப்பான் டெக்னாலஜி, பதினைந்து நாளில் தொடை, எலும்பு இரட்டை வேகத்தில் கூடும் என்று பேனர் வைக்கிறவர்களோடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வகுப்பு எடுத்து சர்ட்டிபிகேட் கொடுக்கிறவர்களோடு.

அந்த சர்ட்டிபிகேட் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதனால் முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், அப்படி ஒரு வகுப்பில் "பத்துக்கு ஏழு இறுக்கம் என்று நோயாளி சொல்லும் வரை இழு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாளே எலாஸ்டிக் பட்டையோடு கிளம்பிவிட்டேன். முட்டிச் சில்லு உடைந்து கம்பி கட்டின, ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர். பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டே "எவ்வளவு இறுக்கம்?" என்று கேட்டேன். "நாலு" என்றார். இன்னும் இழுத்தேன். "ஐந்து". இன்னும். அவர் வலி மாத்திரை சாப்பிட்டிருந்தார். வலிக்கிறது என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிற தலைமுறை வேறு. மறுநாள் அவர் தொடையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. "பரவால்ல பேட்டா, தானா போயிடும்" என்றார் அவர். போய்விட்டது. எனக்குத்தான் இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் வந்தது இதைவிட மோசம். கணுக்கால் ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம், ஜிம் பயிற்சியாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து பட்டை கட்டிப் பயிற்சி கொடுத்த ஒரு ஐ.டி. இளைஞர் கெண்டைக்கால் வீங்கி என்னிடம் வந்தார். தொட்டுப் பார்த்ததும் ஸ்கேனுக்கு அனுப்பினேன். ரத்தம் உறைந்திருந்தது. பட்டையால் வந்தது என்று சொல்ல மாட்டேன், முறிவுக்குப் பிறகு பட்டை இல்லாமலும் வரும். ஆனால் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கெண்டைக்காலை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீங்கின காலில்தான் பட்டை கட்டினார்களா? அதுகூட எவருக்கும் தெரியாது.

பாதுகாப்பானது என்று காட்ட இவர்கள் தூக்கிக்கொண்டு வருகிற கணக்கு ஒன்று உண்டு. 2006-ல் வந்த ஜப்பானியக் கணக்கெடுப்பு. காட்சு செய்த 12,642 பேரில் தொடர்ந்து சொல்லப்பட்ட தொந்தரவு தோலடியில் கன்றிப்போவதுதான், 13.1 சதவீதம். நரம்பில் ரத்தம் உறைந்தது 0.055 சதவீதம், அதாவது ஏழு பேர். நுரையீரலுக்குப் போனது ஒருவர். நல்ல கணக்குதான். ஆனால் அது முறையாகப் பழகிய பயிற்சியாளர்கள் நடத்திய இடங்களின் கணக்கு. போன மாதம் கால் உடைந்து ஆபரேஷன் ஆனவர்களின் கணக்கு இல்லை. நீச்சல் குளத்தில் யாரும் சாகவில்லை என்று சொல்லிக் காவிரி வெள்ளத்தில் ஆளை இறக்கிவிடலாமா?

*

அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்? அளக்க வேண்டும். அவ்வளவுதான்!

நோயாளியைப் படுக்க வைத்து, தொடையின் மேல்முனையில் அகலமான கஃப் கட்டி, உள் கணுக்காலுக்குப் பின்னால் துடிக்கிற நாடியில் கையடக்க டாப்ளரை வைக்க வேண்டும். "உஷ் உஷ்" என்று கேட்கும். காற்றை மெதுவாக ஏற்ற, ஒரு கட்டத்தில் சத்தம் நிற்கும். அந்த எண்தான் அந்தக் காலின் முழு அடைப்பு அழுத்தம். காலுக்கு அதில் 60 முதல் 80 சதவீதம் வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய வைக்கலாம். கைக்கு இன்னும் குறைவு. 2019-ல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்வது, மொத்தத்தில் 40 முதல் 80 வரை.

ஏன் ஒவ்வொருவருக்கும் தனியாக அளக்க வேண்டும்? தொடையின் பருமன், கஃப்பின் அகலம், ஆளின் பி.பி. மூன்றையும் பொறுத்து எண் மாறும். ஒல்லியான ஒருவருக்கு என்னிடம் 140-லேயே சத்தம் நின்றது. பருமனான ஒருவருக்கு 210 ஆனது. இருவருக்கும் 150 வைத்தால்? ஒருவர் காலில் ரத்தமே போகாது, இன்னொருவருக்கு அது முழு அடைப்பில் சுமார் 71 சதவீதம்தான். கஃப் குறுகலாக இருந்தால் அழுத்தம் இன்னும் அதிகம் வேண்டும், நரம்புக்கு ஆபத்தும் அதிகம். எலாஸ்டிக் பட்டையில் இந்த எண்ணே கிடையாது. எண் இல்லாத மருந்தை யாராவது ஊசியில் ஏற்றுவார்களா?

"டாப்ளருக்கு எங்கே போக?" என்று கேட்கிற நண்பர்களுக்கு: தானாக அளக்கிற வெளிநாட்டு மெஷின் லட்சங்களில்தான். கையடக்க டாப்ளர் சில ஆயிரம் ரூபாய். சர்க்கரைநோய்க் கால் பார்க்கிற டாக்டர்களிடமும் பிரசவ வார்டுகளிலும் இந்த மாதிரி டாப்ளர் இருக்கிறது (பிரசவ வார்டில் இருப்பதன் முனை வேறு, அதை இதற்கு மாற்ற வேண்டும்). தொடைக்கான பெரிய கஃப்பும் கையால் அடிக்கிற பம்பும் முள் காட்டுகிற மீட்டரும் எந்த மருத்துவச் சாமான் கடையிலும் கிடைக்கும். அளக்க ஆகிற நேரம் மூன்று நிமிடம். நாற்பது பேர் வரிசையில் நிற்கிற அரசு ஆஸ்பத்திரியிலும் மூன்று நிமிடம் கண்டுபிடிக்கலாம். கரண்ட் வைக்கிற பதினைந்து நிமிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்!

முறிவில் ஆதாரம் போதாது, பெரிய ஆய்வு வரட்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன், போதாது. அதே தராசில் இருபது சிட்டிங் சூடு ஒத்தடத்தையும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். தவிர, இவ்வளவு கால்கள் உடைகிற நாட்டில் அந்தப் பெரிய ஆய்வை யார் செய்ய வேண்டும்? நெதர்லாந்துக்காரரா வந்து செய்வார்?

*

இன்று காலை தம்பிக்கு ஆபரேஷன் செய்த சர்ஜனுக்குப் போன் செய்தேன். முதலில் அதே வசனம். டூர்னிகே கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கால்ல ரத்தம் உறையலைன்னு ஸ்கேன்ல பார்த்துக்கோங்க. பாரம் ஏத்தாதீங்க. வாராவாரம் அளவை எனக்கு அனுப்புங்க" என்றார். நான் வேறென்ன கேட்டேன்? இதைத்தானே கேட்டேன். அவரை வில்லனாக நினைத்து ராத்திரி முழுக்கத் திட்டினதற்கு இங்கேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் சொல்லக்கூடியவர்தான். யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் ஸ்கேன் சுத்தம். சாயங்காலம் அளந்தேன். சத்தம் 170-ல் நின்றது. முதல் நாள் என்பதால் 60 சதவீதம், 102-ல் வைத்தேன். எடை எதுவும் இல்லை. முட்டியை நீட்டிக் காலைக் கட்டிலிலிருந்து ஒரு ஜாண் தூக்கி இறக்குவது மட்டும். முப்பது முடிந்தது. முதல் பதினைந்தில் முகம் மாறியது. இரண்டாவது பதினைந்தில் "சார், எரியுது" என்றார். மூன்றாவதில் பதினொன்றோடு நின்றுவிட்டது. தொடை கடகடவென்று நடுங்கியது. காற்றை இறக்கினேன்.

"நாலு குறைஞ்சு போச்சு சார்" என்றார், ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி.

"பரவாயில்ல தம்பி. நாளன்னைக்கு வாங்க."

அவருடைய எலாஸ்டிக் பட்டை இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. எந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. அது அவர் கேட்ட கேள்வி.

உங்கள் வீட்டில் யாருக்காவது கால் உடைந்திருந்தால் நாலே நாலு கேள்வி கேளுங்கள். பாரம் எப்போது, எவ்வளவு ஏற்றலாம் என்று சர்ஜனிடம். தொடையை டேப் வைத்து அளந்தீர்களா என்று பிசியோவிடம். இன்றைக்கு வைத்த மெஷின் எந்தத் தசையை வேலை செய்ய வைத்தது என்றும் அவரிடமே. யாராவது பட்டை கட்ட வந்தால், எந்த எண்ணில் கட்டப் போகிறீர்கள் என்று. நாலாவதற்கு எண் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டை ஊன்றியாவது.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் துண்டை எடுத்துத் தொடையில் கட்டிக்கொள்ள வேண்டாம். கட்டுவதற்கு எதிராகவும் இல்லை, கட்டுவதற்கு ஆதரவாகவும் இல்லை இந்தப் பதிவு. அளக்காமல் கட்டுவதற்கும், அளந்தும் கட்டாமல் விடுவதற்கும் எதிரான பதிவு.